ஓர் எதிரொலிக்குத் தகுதியுள்ளவர்

அளக்க முடியாத எதையும் வாங்கக் கூடாது என்பது கேஜ் ஃபேக்டரியில் எல்லோரும் மதித்து நடந்த கொள்கை. பெங்களூரில் கண்டோன்மெண்டைத் தாண்டிக் கிழக்கே இருந்த அந்த சர்க்கார் தொழிற்சாலையில் கொதிகலன்களுக்கான அழுத்தமானிகளைச் செய்தார்கள். அளக்கும் கருவிகளையே செய்துகொண்டிருந்ததால், உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு முள்ளும் உண்டு என்ற நம்பிக்கை அங்கிருந்தவர்களுக்கு வந்துவிட்டது. மனிதர்களும் அதற்கு விலக்கல்ல. குமாஸ்தாவுக்குக் கையில்லாத நாற்காலி. உதவி அதிகாரிக்குக் கை வைத்த நாற்காலி. அதற்கு மேலே போனால் மெத்தை, இன்னும் மேலே போனால் ஜன்னலுக்குத் திரை. திரையைப் பார்த்தே உள்ளே இருப்பவரின் அறிவைக் கணக்கிட்டுவிடலாம் என்று சொல்வார்கள்.

உதவிக் கணக்கு அதிகாரி வைத்தீஸ்வரனின் நாற்காலிக்குக் கை உண்டு, மெத்தை கிடையாது. அவர் முதுகு அதனால்தான் கம்பி மாதிரி நிற்கிறது என்று பேக்கிங் செக்ஷனில் பேசிக்கொண்டார்கள். அது தவறு. அந்த முதுகு பரம்பரையாக நிமிர்ந்தது. மைசூர் சமஸ்தானத்தில் மூன்று தலைமுறை உத்தியோகம் பார்த்த குடும்பம் அது. சாமராஜப்பேட்டையில் அவர் வீட்டுக் கூடத்தில் அவருடைய அப்பாவின் படம் மாட்டியிருந்தது. சால்வை போர்த்தி, கண்ணை லேசாக மூடி, இடது கையைக் காதருகே உயர்த்திக்கொண்டு நிற்கும் படம். அரண்மனை வீணை வித்வான், ஸ்ருதி கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று வருகிறவர்களிடம் சொல்வார்கள். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போடுவார்கள்.

உண்மை வேறு. அது தெரிந்தவர்களில் வைத்தீஸ்வரன் மட்டுமே உயிரோடு இருந்தார். அப்பா வீணையைத் தொட்டதே இல்லை. அரண்மனையின் இங்கிலீஷ் பேண்டில், கடைசி வரிசையில், சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானும் பூட்ஸுமாக நின்றுகொண்டு, ஆளைவிட உயரமான பிடில் ஒன்றை வாசித்தவர். டபுள் பேஸ் என்று அதற்குப் பெயர். அந்தக் கோலத்தில் எடுத்த ஒரே படம்தான் வீட்டில் இருந்தது. அவர் காலமானதும் குடும்பத்துப் பெரியவர்கள் அதை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டுடியோக்காரர் பிடிலை மை தீட்டி அழித்தார். சிவப்புக் கோட்டின்மேல் சால்வை வரைந்தார். பிடிலின் கழுத்தைப் பிடித்திருந்த கையை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ஸ்ருதி என்றார்கள். மரியாதையான குடும்பங்களில் இப்படிச் சில ஏற்பாடுகள் இருக்கத்தான் செய்யும்.

இந்த ஏற்பாட்டினால்தான் வைத்தீஸ்வரன் தொனித் தேர்வுக் குழுவில் நிபுணர் ஆனார்.

தொழிற்சாலைக் கலை மன்றத்துக்கு ஒரு பேண்ட் இருந்தது. ஸ்டெனோ மௌரீன் பாடுவாள். இரண்டு கிட்டார், ஒரு டிரம். அடிக்குரல் கொடுக்கும் பேஸ் மட்டும் இல்லை. பேக்கிங் செக்ஷனில் தற்காலிக வேலையிலிருந்த முனிராஜ் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதில் துடைப்பக் கம்பை நட்டு, ஒரு கயிற்றை இழுத்துக் கட்டிப் பேஸ் என்று வாசித்துக்கொண்டிருந்தான். அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு டில்லியிலிருந்து விருந்தினர் வருவதாக இருந்தது. அவர் முன்னால் தேயிலைப் பெட்டியா என்று டெபுடி ஜெனரல் மேனேஜர் ஆராவமுதன் கேட்டார். முறையான பேஸ் கிட்டார் ஒன்று வாங்கலாம், அதோடு கால்பந்து ஆட்டக்காரர்களுக்குச் செய்வதுபோல அதை வாசிப்பவனுக்கும் நிரந்தர வேலை தரலாம் என்று முடிவாயிற்று. ஆனால் வாத்தியத்தின் தொனியைச் சோதிக்க ஒரு குழு போட்டார்கள்; விழாவுக்குள் அந்தக் குழு வாத்தியத்தை ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலையும் ரத்து.

"எல்லாம் ஒரே கயிறு சார்" என்றான் முனிராஜ், வைத்தீஸ்வரனை கேண்டீன் வாசலில் மடக்கி. "பேஸ் வந்தா வேல வரும். வேல வந்தா யசோதா வருவா. அவுங்கப்பா சின்னப்பா கீறாரே, ஆஸ்டின் டவுன்ல மேஸ்திரி, அவரு ஒரே கேள்விதான் கேப்பாரு. பர்மனெண்டான்னு. பேரு கூட கேக்கல சார் அந்தாளு."

"எல்லாம் முறைப்படி நடக்கும்" என்றார் வைத்தீஸ்வரன்.

"முறைப்படி நடந்தா ஆய்த்து சார். ஜல்தி நடந்தா சக்கத்தா இருக்கும்."

முதல் தேர்வு கேண்டீன் ஹாலில் நடந்தது. மௌரீனின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவன், எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய பேஸ் கிட்டாரைத் தங்கையிடம் விட்டுப் போயிருந்தான். அவள் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகப் போவதால் அதை மன்றத்துக்கு விற்கத் தயாராக இருந்தாள். கூடவே இரண்டு பெட்டிகள். ஒன்று எதிரொலி போடும். இன்னொன்று ஃபஸ், சத்தத்தைக் கரகரவென்று கிழித்துக் கொடுக்கும்.

"எஃபெக்ட் எல்லாம் அப்புறம் சார்" என்றாள் மௌரீன். "முதல்ல ஸ்ட்ரிங் கேளுங்கோ. பாருங்கோ, மேலே தட்டையா கம்பி சுத்தியிருக்கு. வேற ஸ்ட்ரிங் போட்டா கிணிங்குனு அடிக்கும். இது போட்டா மெத்தை மாதிரி வரும். நம்ம பேண்டுக்கு இதான் டோன்."

முனிராஜ் மிகத் தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை தட்டினான்.

அந்தச் சத்தம் வைத்தீஸ்வரனின் காதுக்கு வரவில்லை. நாற்காலி வழியாக முதுகுக்கு வந்தது. மைசூர் வீட்டில் அப்பா அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாதென்று பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகுவார். இந்தப் பக்கம் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்காருவான் ஒரு பையன். பாட்டு என்னவென்று தெரியாது. முதுகெலும்பு மட்டும் உம்மென்று அதிரும். அந்தச் சுவரை விட்டு எழுந்திருக்கவே தோன்றாது. அதே அதிர்வு, அதே ஆழம். அதே சுவர்.

"என்ன வைத்தி, கண்ணு கலங்கறது?" என்றார் ஆராவமுதன். "தெரிஞ்ச சத்தமோ?"

ஹாலில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வீணை வித்வானின் மகனுக்கு இந்தச் சத்தம் எப்படித் தெரிந்திருக்கும் என்று அத்தனை பேரும் கேட்கப்போவதாக அவருக்குப் பட்டது. யாரும் கேட்கவில்லை. ஆனாலும் பதில் வந்துவிட்டது.

"தொனி பொருந்தலை."

"பொருந்தலைன்னா, எவ்வளவு?"

"கொஞ்சம்."

"ப்ளஸ்ஸா, மைனஸா?"

வைத்தீஸ்வரன் யோசித்து, "மைனஸ்" என்றார். கூட்டம் முடிந்தது. முனிராஜ் கிட்டாரை மெல்லப் பெட்டிக்குள் வைத்தான். வைக்கும்போது அவரைப் பார்க்கவில்லை, கம்பியைத்தான் பார்த்தான். தன் மேல்தான் ஏதோ தப்பு என்பதுபோல விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அதுதான் அவரை அன்று முழுதும் உறுத்தியது.

பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான் வித்து. பொருந்தாத தொனி ஒன்று இருக்கிறதென்றால், பொருந்தும் தொனி ஒன்று எங்கோ இருந்தாக வேண்டும். குழு அதைத் தேடப் புறப்பட்டது.

முதலில் தந்திகள். பேஸ் கிட்டாருக்கு நான்கு தந்தி, நான்கும் வெவ்வேறு கனம். ஆகவே அவை நான்கு தனிச் சரக்குகள் என்றும், ஒவ்வொன்றையும் தனித்தனியே யார் மலிவாகத் தருகிறாரோ அவரிடமே வாங்க வேண்டும் என்றும் கொள்முதல் பிரிவு சொன்னது. முதல் தந்தி பழைய பியானோவிலிருந்து வந்தது. இரண்டாவது சிக்பேட்டையில் ஒரு வீணைக் கடையிலிருந்து. மூன்றாவது ஸ்கூட்டரின் கிளட்ச் வயர். நான்காவதை நம் தொழிற்சாலையிலேயே, அழுத்தமானியின் சுருள்வில்லை நீட்டிச் செய்தார்கள். அதற்குப் பாராட்டுக் கூட்டம்கூட நடந்தது.

"நாலும் நாலு பாஷ பேசுது சார்" என்றான் முனிராஜ். "சிவாஜிநகர் பஸ் மாதிரி கீது."

அடுத்து, தந்திகளைக் கட்ட ஒரு கிட்டார். உள்நாட்டில் கிடைக்காது என்று நிரூபிக்காமல் வெளிநாட்டுப் பொருளை வாங்கக் கூடாது. நிரூபிக்க ஒரே வழி, உள்நாட்டில் செய்யச் சொல்லி, அது வரவில்லை என்று காட்டுவது. தொழிற்சாலைக்கு மேஜை நாற்காலி செய்து கொடுக்கும் காண்ட்ராக்டரிடம் ஒப்படைத்தார்கள். அவர் மனச்சாட்சி உள்ளவர். செய்தே கொடுத்துவிட்டார். ஈட்டி மரம், நல்ல பாலிஷ். பழக்க தோஷத்தில் அடியில் ஒரு சிறிய இழுப்பறையும், அதற்குப் பூட்டும் சாவியும். தூக்கிப் பார்த்த முனிராஜ் இதைத் தோளில் மாட்டுவதா, இதன்மேல் உட்காருவதா என்று கேட்டான். இழுப்பறையைக் குழு பெரிதும் பாராட்டியது. வாசிப்பவர் தம் கைக்குட்டையை வைத்துக்கொள்ளலாம்.

ஃபஸ் பெட்டியின் கதை வேறு. மாதிரி என்று மௌரீனிடம் வாங்கி, இன்ஸ்பெக்ஷன் பிரிவுக்கு அனுப்பினார்கள். நாட்டிலேயே துல்லியமான சோதனைக் கருவிகள் இருந்த பிரிவு அது. போட்டுப் பார்த்து, உள்ளே செல்லும் ஒலி சுத்தமாகவும் வெளியே வரும் ஒலி கிழிந்தும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பெட்டியைத் திறந்தார்கள். மூத்த பொறியாளர்கள் உணவு இடைவேளையையும் தியாகம் செய்து உழைத்தார்கள். கடைசியில் முத்திரை குத்திய சான்றிதழோடு பெட்டி திரும்பி வந்தது: குறை முழுவதும் நீக்கப்பட்டது. இப்போது அதை இணைத்தாலும் இணைக்காவிட்டாலும் ஒன்றுதான்.

"மை காட்" என்றாள் மௌரீன், பெட்டியைக் குழந்தையைப் போல வாங்கிக்கொண்டு. "இட் இஸ் டெட். சார், அது கிழியறதுதான் சார் அதோட வேலை!"

ஆராவமுதன் அவளைப் பரிவோடு பார்த்தார். "மிஸ் மௌரீன், வெளிநாட்டுக்காரன் குறையை நமக்கு விலைக்கு விக்கறான். நம்ம ஆட்கள் அதைக் கண்டுபிடிச்சுச் சரி பண்ணியிருக்கா. இதுக்கு நீங்க தாங்க்ஸ் சொல்லணும். நான் இந்த நாற்காலிக்கு வந்து பல வருஷம் ஆச்சு. சத்தம் போட்ட எதையும் நான் சத்தம் இல்லாம பண்ணாம விட்டதில்லை."

இந்தக் கூட்டங்கள் ஒவ்வொன்றிலும் வைத்தீஸ்வரன் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். ராத்திரிச் சாதத்தை மோரில் கரைத்துக் குடித்துவிட்டு எழுந்துவிடுவதைப் பார்த்து சுப்புலக்ஷ்மி டாக்டரிடம் போகச் சொன்னாள். ஒருநாள் தைரியம் வரவழைத்துக்கொண்டு குழுவில் சொன்னார்: "முதல் நாள் கேட்டோமே, அதையே இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கலாமே. அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்."

"வைத்தி" என்றார் ஆராவமுதன் வருத்தத்தோடு. "அது நிராகரிச்ச சரக்கு. நிராகரிச்ச சரக்கு வெளியே போக கேட் பாஸ் உண்டு. உள்ளே வர ஏது? அதுவும் உங்க வாயால நிராகரிச்சது. உங்க ஜலதோஷத்துக்காக உங்க தோப்பனார் காதை நாங்க சந்தேகிக்க முடியுமா?"

எதிரொலிப் பெட்டிதான் கடைசி. அதை யாரும் பழுது பார்க்கவில்லை. ஆனால் எதிரொலி ஒரு வசதியா இல்லையா என்ற கேள்வி எழுந்தது. ஒருவர் பேச்சு இரண்டு தடவை கேட்கப்படுவது கௌரவம். ஆகவே அது நாற்காலிக் கை, மெத்தை, திரை வகையைச் சேர்ந்தது. தொழிலாளிகளுக்கும் குமாஸ்தாக்களுக்கும் எதிரொலி கிடையாது என்று தீர்மானம் ஆயிற்று. உதவி அதிகாரிக்கு ஒன்று. அதற்கு மேலே இரண்டு. டெபுடி ஜெனரல் மேனேஜருக்கு மூன்று. பேண்ட் ஆட்கள் எல்லோரும் தொழிலாளிகளும் குமாஸ்தாக்களுமாக இருந்ததால், பெட்டியை பேண்டிடமிருந்து எடுத்து மேடை மைக்கில் இணைத்தார்கள். வைத்தீஸ்வரனுக்கு ஓர் எதிரொலி கிடைத்தது. அலுவலகத்தில் இரண்டு பேர் வந்து வாழ்த்தினார்கள்.

விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முனிராஜ் சாமராஜப்பேட்டைக்கு வந்தான். நடையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் நின்றான். தோய்த்த சட்டை, படிய வாரிய தலை.

"சார், ஒரே வார்த்த. பொருந்துதுன்னு சொல்லிடுங்க. மேஜயோ, இழுப்பறயோ, எத்த குடுத்தாலும் வாசிக்கிறேன் சார். பொருந்துதுன்னு நீங்க சொன்னா முடிஞ்சுது."

"அந்த நாலு தந்தியை வெச்சுண்டு எப்படிடா பொருந்தும்னு சொல்றது?"

"மௌரீன் கிட்டாரு பொருந்திச்சே சார். எனக்குத் தெரியும். உங்களுக்கும்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். அவன் கண் சுவரில் இருந்தது.

காப்பி கொண்டுவந்த சுப்புலக்ஷ்மி பெருமையாகச் சொன்னாள்: "எங்க மாமனார். அரண்மனை வித்வான். ஸ்ருதி கேட்டுண்டு நிக்கறார் பாரு."

முனிராஜ் படத்தையே பார்த்தான். அவனுடைய இடது கை தானாக எழுந்து காதருகே போயிற்று. தேயிலைப் பெட்டியின் கம்பை அவன் பிடிக்கும் இடம் அதுதான். விரல்கள் காற்றில் ஒன்றை அழுத்தின, கொஞ்சம் கீழே இறங்கி இன்னொன்றை அழுத்தின. படத்திலிருந்த கையும் அவன் கையும் ஒரே அச்சில் வார்த்தவை.

முனிராஜ் கையை இறக்கினான். வைத்தீஸ்வரனைப் பார்த்தான். பிறகு சுப்புலக்ஷ்மியிடம் திரும்பி, "ஆமாம்மா, ஸ்ருதிதான்" என்றான். காப்பியைக் குடித்தான். "நல்லா கீது காப்பி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் மிரட்டியிருந்தால் வைத்தீஸ்வரன் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார். குடும்ப மானத்தைக் காப்பதில் அவருக்குப் பழக்கம் உண்டு. அதை இன்னொருவன், பிரதிபலன் இல்லாமல், ஒரு டம்ளர் காப்பிக்குக் காத்துக்கொடுத்துவிட்டுப் போனதைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஆண்டு விழா ஜோராக நடந்தது. ஷாமியானா, சாமந்தி மாலை, டில்லி விருந்தினர். ஆராவமுதன் பேசினார்.

"இந்தத் தொழிற்சாலையில் எதையும் அவசரப்பட்டுச் செய்வதில்லை" என்றார். செய்வதில்லை, செய்வதில்லை, செய்வதில்லை என்றது பெட்டி. "கேட்பவர்களுக்கெல்லாம் நாங்கள் கொடுப்போம்" என்றார். போம், போம், போம் என்று அதன் வால் மட்டும் மூன்று தரம் பந்தலைச் சுற்றியது. விருந்தினர் தலையசைத்துக்கொண்டே இருந்தார், எப்போது நிறுத்துவதென்று தெரியாமல்.

பிறகு பேண்ட் வாசித்தது. மௌரீன் பாடினாள். முனிராஜ் ஈட்டி மரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். பியானோக் கம்பி முனகியது, வீணைக் கம்பி அழுதது, கிளட்ச் வயர் வண்டி கியர் மாறுவதுபோல் ஒரு சத்தம் போட்டது. நம் தொழிற்சாலைத் தந்தி இரண்டாவது பாட்டில் தன் பழைய சுருளுக்கே திரும்பிவிட்டது. பாவம், அதற்குப் பழகியது அதுதான். முனிராஜ் மீதியை வைத்துக்கொண்டு சமாளித்தான். இழுப்பறை தானாகத் திறந்து திறந்து மூடியது.

முன்வரிசையில் மேஸ்திரி சின்னப்பா மகளோடு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை பர்மனெண்ட் ஆவதைத் தன் கண்ணால் பார்க்க வந்திருந்தார்.

"இப்போது நமது தொனி நிபுணர் சான்றுரை வழங்குவார்" என்று அறிவித்தார்கள். மைக்கின் பக்கத்திலிருந்த ஆள் பெட்டியின் குமிழை ஒன்றுக்குத் திருப்பி வைத்தான்.

வைத்தீஸ்வரன் எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். மேடைக்குப் போகும் வழியில் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியாது. மைக்குக்கு முன்னால் நின்றதும் தெரிந்துவிட்டது.

"என் தகப்பனார் வீணை வித்வான் அல்ல" என்றார்.

அல்ல, என்றது பெட்டி.

அதிகாரிகளின் மனைவிமார் வரிசையில் சுப்புலக்ஷ்மியின் வளை சத்தம் நின்றது.

"அரண்மனை இங்கிலீஷ் பேண்டில் கடைசி வரிசையில் பேஸ் வாசித்தவர். எங்கள் குடும்பம் அதை மறைத்தது. மௌரீனின் கிட்டாரை முதல் நாள் கேட்டபோது, என் அப்பாவின் தொனியே அது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் பொருந்தவில்லை என்றேன். நான் பொய் சொன்னேன்."

சொன்னேன், என்றது பெட்டி, கொஞ்சமும் குறைக்காமல்.

வைத்தீஸ்வரன் காத்திருந்தார். மூன்று தலைமுறை மானத்தை எடுத்துப் பந்தலில் வைத்தாயிற்று. அதற்கு ஈடாக ஒரு பேக்கிங் பையனின் வேலை, அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஆராவமுதன் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். குமிழ் மூன்றுக்குப் போயிற்று.

"என்ன அடக்கம்!" என்றார். அடக்கம், அடக்கம், அடக்கம். "எப்பேர்ப்பட்ட செய்தி! இதுநாள் வரை வீணை வித்வானின் மகன் பேஸ் கிட்டாரை நிராகரித்தார் என்றே நினைத்திருந்தோம். அது வெறும் ரசனையாக இருக்கலாம் என்று எனக்கேகூட ஓர் ஐயம் இருந்தது. இப்போது தெரிகிறது. நிராகரித்தவர் பேஸ் வித்வானின் மகன்! இந்த நாட்டில் அந்தத் தொனியைப் பரம்பரையாக அறிந்த ஒரே மனிதர்! அவர் பொருந்தவில்லை என்று முதலில் சொன்னாரே, அதற்கு மேல் அத்தாட்சி ஏது? உணர்ச்சிவசப்பட்டு இன்று அவர் பேசுவதைக் குழு பெருந்தன்மையோடு பொருட்படுத்தாது."

பொருட்படுத்தாது, பொருட்படுத்தாது, பொருட்படுத்தாது.

"நான் பொய்..." என்று வைத்தீஸ்வரன் ஆரம்பித்தார். மைக் அவரிடம் இல்லை. கைதட்டல் பெரிதாக இருந்தது. சரியான தொனி இப்போதைக்கு உலகில் கிடைக்காததால், அது கிடைக்கும்வரை பேஸ் வாசிப்பவர் வேலை நிறுத்திவைக்கப்படுவதாக அதே மேடையில் அறிவித்தார்கள். அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். ஜரிகைச் சால்வை. ஸ்டுடியோக்காரர் வரைந்தது போலவே இருந்தது.

வீட்டு வாசலில் ஜட்காவை விட்டு இறங்கும்போது சுப்புலக்ஷ்மி கேட்டாள்: "அந்தப் படத்துக்கு முன்னால முப்பது வருஷமா நான் யாருக்கு விளக்கேத்திண்டிருந்தேன்?"

"அப்பாவுக்குத்தான்" என்றார்.

"அவர்கிட்ட எனக்கு வருத்தம் ஒண்ணுமில்லை. உங்ககிட்டதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த மாதமே முனிராஜின் தற்காலிக வேலை முடிந்தது. மௌரீன் கிட்டாரை எடுத்துக்கொண்டு கப்பலேறினாள். ஊமையாகிப்போன ஃபஸ் பெட்டியையும் விடவில்லை, அண்ணன் கொடுத்தது என்று கொண்டுபோனாள். தொழிற்சாலைக் கேட்டில் முனிராஜ் தேயிலைப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தபோது வைத்தீஸ்வரன் போய் நின்றார்.

"நான் எல்லாத்தையும் சொல்லிட்டேனேடா."

"சொன்னீங்க சார்." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "அத்தினி பேரு முன்னால சொன்னீங்க. பெரிய விஷயம்தான். ஆனா போதாது சார்."

"நான் என்ன பண்ணட்டும்?"

"எனுக்கு இன்னா தெரியும்? நீங்கதான் நிபுணர்." சைக்கிளை நகர்த்தியவன் நின்றான். "ஞாயித்துக்கெழம நான் சின்னப்பா வீட்டுக்குப் போறேன், கடசியா ஒரு தபா கேக்கலாம்னு. எங்கம்மா போய்ச் சேந்துட்டாங்க. கூட வர்றதுக்குப் பெரியவங்கன்னு யாருமில்ல."

ஆஸ்டின் டவுனின் குறுகலான சந்தில், கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக வைத்தீஸ்வரன் நடந்து வந்ததைப் பார்க்கக் குழாயடியே திரும்பியது. பின்னால் முனிராஜ், தேயிலைப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு. சின்னப்பா ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சாய்மானம் இல்லாத ஸ்டூல், சுவரோரமாக. அவருக்குச் சாய்மானம் தேவைப்பட்டதும் இல்லை.

"நீங்க மேடைல பேசுனவரு" என்றார் சின்னப்பா.

"ஆமாம்."

"பையனுக்கு நீங்க இன்னா ஒறவு?"

வைத்தீஸ்வரனின் வாய் வழக்கமான பதிலுக்குத் திறந்தது. ஒன்றுமில்லை, தெரிந்த பையன் என்பதுதான் அந்தப் பதில். மூடிக்கொண்டது. பிறகு சொன்னார்: "எங்க அப்பா வாசிச்சதைத்தான் இவனும் வாசிக்கறான்."

"அது ஒறவாய்டுமா?"

"எங்க வீட்டுப் பரம்பரை அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நாங்க வரைஞ்சது."

சின்னப்பா பீடியைக் காதுக்குப் பின்னாலிருந்து எடுத்தார், பற்றவைக்காமல் திரும்பச் செருகிக்கொண்டார். "உங்கப்பாருக்கு வேல பர்மனெண்டா?"

"பர்மனெண்ட். அரண்மனை வேலை."

"நடுவுல எவனும் தூக்கிடலியே?"

"அரண்மனை தூக்கலை" என்றார் வைத்தீஸ்வரன். "நாங்கதான் தூக்கினோம். அவர் போனப்புறம்."

சின்னப்பாவுக்கு அது விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரல் விளங்கியது. உள்ளே அடுப்படியில் யசோதா பாத்திரம் விளக்குவதை நிறுத்தியிருந்தாள். "சரி, வாசி பாக்கலாம்" என்றார் முனிராஜிடம். "இந்த இழவு சத்தம் இன்னான்னுதான் நானும் ஒரு தபா கேக்குறேன்."

முனிராஜ் பெட்டியைக் கவிழ்த்தான். கம்பை நிறுத்தி, கயிற்றை இழுத்தான். இடது கை காதருகே போயிற்று. வலது கை தட்டியது.

மண் தரை, ஒற்றைக்கல் சுவர், தகரக் கூரை. எதிரொலி எதுவும் இல்லை, யாருக்கும் தகுதியும் இல்லை. உம்மென்று ஒரு சத்தம் தரையோடு வந்து சுவரில் ஏறியது. வைத்தீஸ்வரனின் முதுகு, பரம்பரையாக நிமிர்ந்த அந்த முதுகு, மெல்லப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். தலைப்பாகை சுவரில் பட்டுக் கோணிற்று. அதைச் சரிசெய்யக் கை போகவில்லை.

வாசிப்பு முடிந்தது.

"எப்டி சார்?" என்றார் சின்னப்பா.

"பொருந்தறது."

யசோதா டீ கொண்டுவந்து வைத்தாள். சின்னப்பா அதை அவர் பக்கம் நகர்த்தினார். குத்திக்காட்டும் எண்ணம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்:

"இத்த நீங்க மொத நாளே அங்க சொல்லிருக்கலாமே சார்?"